சுதந்திரச் சிலைகளுக்குக் காவல்

காவல் வேலையில் பகலெல்லாம் சம்பளத்துக்கு, இரவெல்லாம் பயத்துக்கு. முதல் நாள் விளக்கை அணைத்ததுமே அது கேட்டது. புல்வெளிப் பக்கமிருந்து, யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல, நீளமாக ஒரு 'ஊ…ம்'.

நான் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பச்சைத் தேயிலை விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாமல், கோத்தகிரிப் பக்கம் எங்கள் தோட்டம் காடாகிப் போனது. வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். அந்தச் சமயத்தில் ஊட்டியில் ஒரு பூங்காவில், அமெரிக்கச் சிற்பிகள் செய்த பதினோரு சிலைகளைத் திறந்த வெளியில் நிறுத்தினார்கள். பதினொன்றும் சுதந்திரத்தைப் பற்றியவை. பகலில் விளக்கம் சொல்லவும் இரவில் காவல் இருக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. கான்வென்ட் இங்கிலீஷ் எனக்கு அந்த வேலையையும் பூங்கா மூலையில் ஓர் அறையையும் வாங்கிக் கொடுத்தது.

ஒரு நிபந்தனை: அறையில் ஓர் ஆள்தான் இருக்கலாம், பிள்ளைகள் கூடாது. எனக்கு நாலு வயதில் மீனு இருக்கிறாள். விட்டுவிட்டு வர ஆளில்லை. பொய் சொன்னால் முட்டி போட வைக்கும் பள்ளியில் படித்தவள், அழகான கையெழுத்தில் 'குழந்தை இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். தெரிந்தால் வேலையும் போகும், கூரையும் போகும். பிள்ளையை ஒளித்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

குழாய்

சத்தம் கேட்டால் போய்ப் பார்க்க வேண்டும், அதுதான் வேலை. மீனுவைத் தனியாக விட்டுப் போகவும் பயம், தூக்கிக்கொண்டு போகவும் பயம். கடைசியில் அவளைச் சால்வைக்குள் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு, டார்ச்சோடு போனேன். ஏழு இரும்புக் குழாய்களை வானத்தைப் பார்க்க நிறுத்திய ஒரு சிலை. குழாய்க்குள் காற்று புகுந்து அழுதுகொண்டிருந்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அன்று மறுபடி விளக்கை அணைக்கவில்லை.

காலையில் தோட்டக்காரர் பெள்ளியண்ணாவிடம் சொன்னேன். பக்கத்து இத்தலார் கிராமத்துக்காரர். மீனு இருப்பது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பகலில் அவருடைய பூந்தொட்டிக் கொட்டகையில்தான் அவள் விளையாடுவாள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"காத்துக்கே இப்படி நடுங்குனா, காட்டெருமை வந்தா என்னம்மா பண்ணுவே?"

சங்கிலி

சிலைகளில் எல்லோருக்கும் புரிந்தது ஒன்றுதான். வெண்கலப் பெண், தூக்கிய கை, காலடியில் அறுந்த சங்கிலி. எஸ்டேட்டில் இலை எடுப்பதை நிறுத்திவிட்டதால் வேலையில்லாத பெண்கள் நாலைந்து பேர் ஒரு நாள் பஸ் ஏறி வந்தார்கள். "அடிமையா இருந்தவ, இப்ப விடுதலை ஆயிட்டா" என்று விளக்கினேன்.

ஒருத்தி சங்கிலியைக் குனிந்து தொட்டுப் பார்த்தாள். "ஏனுங்க, எங்களையுந்தான் போங்கன்னு விட்டுட்டாங்க. எங்களுக்கு யாருங்க செலை வெக்கறது?"

ரவுண்டு

காவலாள் தூங்கிவிடக் கூடாதென்று அறைக்கதவில் தாழ் போடக் கூடாது என்பது அங்கே சட்டம். ரவுண்டு வருகிறவன் எந்த நேரமும் கதவைத் தள்ளி டார்ச் அடிப்பான். நான் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பின்னால், கம்பளிக்குள், சுவரோடு சுவராக மீனு.

ஒரு ராத்திரி டார்ச் வெளிச்சம் என் முகத்தில் விழுந்த நொடியில் அவள் இருமினாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நானும் இருமினேன், மேலும் மேலும் இருமினேன். அவன் அசையாமல் நின்றான். வெளிச்சம் கம்பளி மேல் ஒரு சுற்றுப் போய்த் திரும்பியது.

"உங்க இருமல் சின்னப்புள்ள இருமலாட்ட இருக்குதுங்க. சுக்குக் காப்பி குடிங்க."

போய்விட்டான். கண்டுபிடித்துச் சொன்னானா, சும்மா சொன்னானா என்று விடியும்வரை யோசித்தேன்.

மிலார்

உறைபனி இறங்கினால் பூச்செடிகள் கருகிவிடும். அதனால் சாயந்திரமே மிலார் என்ற காட்டுச் செடியை வெட்டி வந்து, கிளை கிளையாகச் சாத்தி மூடி வைப்பது மலையில் வழக்கம். முதல் உறைபனி விழுந்த மறுநாள் காலையில் வெளியே வந்து பார்க்கிறேன், ஒரு சிலையைக் கூடக் காணோம்! பதினோரு மிலார்க் குவியல்கள். இருட்டின பிறகு எனக்குத் தெரியாமல் பெள்ளியண்ணா செய்த வேலை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜீப் சத்தம். பூங்கா மேற்பார்வையாளரும், சிலைகளைப் பார்வையிட வந்த ஓர் அமெரிக்க அம்மாளும். மேற்பார்வையாளர் கத்தினார், "யோவ், வெண்கலத்துக்கும் இரும்புக்கும் குளிருமாய்யா?" பெள்ளியண்ணா குல்லாயைக் கழற்றிவிட்டு, "வெளியூர்க்காரங்க, நம்ம பனி ஒத்துக்குமோ என்னமோன்னு" என்றார். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மூடியிருந்த சிலைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு கிளைகளை எடுக்கத் தொடங்கினார்கள். வெண்கலப் பெண்ணின் காலடிக் கிளையை மேற்பார்வையாளரே எடுத்தார். உள்ளே, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு மீனு உட்கார்ந்திருந்தாள். என் பின்னாலேயே வெளியே வந்திருக்கிறாள்; ஜீப் சத்தம் கேட்டால் ஒளிந்துகொள் என்று நான்தான் பழக்கியிருந்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"அம்மா, ஜீப் போயிருச்சா?"

தாழ்ப்பாள்

அந்த அம்மாள் மீனுவின் தலையிலிருந்த இலையை எடுத்துவிட்டாள், அவ்வளவுதான். நான் அறைக்குப் போய்த் துணிமணியைப் பெட்டியில் அடுக்கினேன். திருப்பூருக்கு எந்த பஸ், கையில் இருப்பது போதுமா, அங்கே எங்கே படுப்பது? மீனு மட்டும், தான் சரியாகத்தானே ஒளிந்தோம் என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

இருட்டுகிற நேரத்தில் மேற்பார்வையாளர் வந்தார். படியேறவில்லை, பெட்டியைப் பார்த்தார், மீனுவைப் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரூம்ல ஒரு ஆள்தான்னு எழுதியிருக்குது. அத நான் மாத்தி எழுதப் போறதில்ல, ஆனா ரவுண்டுக்காரன் பாத்தான்னா ரிப்போர்ட் எழுதிருவான். இனிமே தட்டிட்டு நிக்கச் சொல்றேன், நீ கதவத் தாழ் போட்டுக்கம்மா."

கடல் தாண்டி வந்த பதினோரு சிலைகளும் வெளியே பனியில் சுதந்திரமாக நிற்க, நான் துருவேறிய தாழ்ப்பாளை உள்ளிருந்து இழுத்துப் போட்டேன்.