ரஸ்னி யார் பக்கம் பூ வீசினாள்

ரஸ்னியைப் பற்றிச் சொல்கிறேன். சொல்கிறபடியே எழுதிக்கொள், நடுவில் அழகுபடுத்தாதே.

என் கணவரின் தம்பி பெண்டாட்டி அவள். எங்கள் தீவின் உபுத் சந்தைக்குப் பன்றிக்குட்டி விற்கப் போனால் தரகர்களையே அழவைத்துவிட்டு வருவாள். நாட்டியம் ஆடும்போது மட்டும் தன்மேல் நம்பிக்கை கிடையாது. ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆடுவாள்.

வாரத்தில் நான்கு மாலை இருவரும் வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் ஹோட்டலில் ஆடினோம். கோயிலில் நிதானமாக ஆடுவதை அங்கே பத்து நிமிஷத்தில் முடிக்க வேண்டும். கடைசியில் விருந்தாளிகள் பக்கம் திரும்பி, சிரித்து, கிண்ணத்துப் பூவை அவர்கள்மேல் தூவ வேண்டும். கோயிலிலோ அந்தப் பூ சாமிக்கு. வந்தவர்களுக்குப் பூப் போட்டதை நான் இன்றைக்கும் தப்பென்று சொல்லமாட்டேன். தப்பு வேறு.

அந்த வருஷக் கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நானும் அவளும். பூத் தூவும் இடம் வந்து வாத்தியம் வேகம் எடுத்ததும், என் கால் தானாகச் சன்னதிக்கு முதுகு காட்டித் திரும்பிவிட்டது. கை கிண்ணத்துக்குள் போய்விட்டது. எதிரே என் மாமியார் முகம். சுற்றை முடிப்பவள் போலச் சட்டென்று சன்னதிப் பக்கம் வந்துவிட்டேன். என்னைப் பார்த்துத் திரும்பிய ரஸ்னிக்கு நிறுத்தத் தெரியவில்லை. உட்கார்ந்திருந்த சனத்தின்மேல் பூவை வீசினாள். ஹோட்டல் சிரிப்பையும் சிரித்தாள்.

"ரஸ்னி, சாமி எந்த ரூம்ல தங்கியிருக்காரு?" என்றார் மத்தளக்காரர்.

"காலைச் சாப்பாடும் சேர்த்தா?" என்றது இன்னொரு குரல்.

பூசாரி சிரிக்கவில்லை. இனி அவள் கோயிலில் ஆட வேண்டாம் என்று பெண்கள் கூட்டத்தில் முடிவானது.

"நீ என்ன சொல்றே, சுக்ரெனி?" என்று என்னையும் கேட்டார்கள்.

"பெரியவங்க சொன்னா சரிதான்" என்றேன். ரஸ்னி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவள் ஹோட்டலுக்கும் வரவில்லை. இருபது வருஷம் நான் முன்வரிசையில் நின்றேன். அவள் கோயில் கொட்டகையில் குருத்தோலையில் பூசைத் தட்டு பின்னினாள்.

போன திருவிழாவுக்கு முந்தின நாள் கொட்டகைக்குப் போய் அவளருகே உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு முதல்ல திரும்புனது நான்தான், ரஸ்னி."

"தெரியும்க்கா. உன்னைப் பார்த்துத்தானே திரும்பினேன்."

"ஏன்டி சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். ஒரு வருஷம் பார்த்தேன். அப்புறம் பார்க்கிறதை விட்டுட்டேன். தள்ளி உட்காரு, ஓலையை மிதிக்கிறே."

நேரே போய்ப் பூசாரியிடமும் பெண்களிடமும் சொன்னேன். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்குக்கா" என்றார்கள். அவளை ஆடக் கூப்பிட்டார்கள். முழங்கால் மடங்காது என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் நானும் ஆடவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து குருத்தோலை கிழித்தேன். நான் கிழித்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, சாமிக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்தாள். நான் திரும்பவும் கிழித்தேன்.