சிப்பிக்குள் இருந்த நண்டு

சிப்பிச் சதையைப் பார்த்துப் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் மேசையில் அவளுக்குப் பதினோரு வருடம். தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பவள் என்பதால் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா.

அன்று மதியம் லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. கடைசித் தட்டில் பட்டாணி அளவில் ஏதோ கிடந்ததை அவள் விரலால் புரட்டினாள். அதற்குக் கால்கள் இருந்தன. சிப்பிக்குள் ஒண்டிக் குடியிருக்கும் குட்டி நண்டு அது. பெட்டிகளின் மேல் 'நண்டு, இறால் கலக்காதது' என்று அச்சடித்திருந்தார்கள். ஒரு வாய் நண்டு தின்று தொண்டை வீங்கிப்போன மகளை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்.

"சார், லாரிய நிறுத்துங்க. நண்டு கலந்திருக்கு."

சூப்பர்வைசர் சீறினார். "அதுக்கும் ஓடு, இதுக்கும் ஓடு. எல்லாம் ஒண்ணுதான், விடுங்கக்கா!"

"ஓடு இருந்தா ஒண்ணாயிடுமா சார்? சிப்பிங்கிறது நத்தைக்கும் கணவாய்க்கும் சொந்தம். இது மூட்டு மூட்டா கால் வச்ச இறாலுக்குச் சொந்தம். நண்டு ஒத்துக்காதவங்க தின்னா உயிரே போயிடும்."

டிரைவர் ஹாரன் அடித்தார். வேலை போய்விடும் என்றே அவள் நினைத்தாள். ஆனாலும் பெட்டிமேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"சரி, பத்தே பத்துப் பெட்டி பிரிங்க" என்றார் சூப்பர்வைசர்.

மூன்றாவது பெட்டியிலேயே இன்னொரு நண்டு கிடைத்தது. அடுத்ததில் இரண்டு. அவர் வாசலுக்குப் போய் லாரியைத் திருப்பி அனுப்பினார். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பெட்டியைப் பிரித்தாள்.