மூன்றாம் முறை கேட்கவில்லை

1998 ஜூலை 9, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபது. சென்னையில் மண்டையைப் பிளக்கிற வெயில். ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்த கூடத்தில் ஏசி ஓடியது. அதுவரை ஏசியில் உட்கார்ந்தறியாத எனக்குப் பல் தந்தியடித்தது. பொறியியல் கவுன்சிலிங்குக்கு வந்திருந்தோம், மாமாவும் நானும். எனக்குப் பதினேழு வயது என்றாலும் வீட்டில் நான் சின்னப் பையன்தான். மாணவனோடு ஒருவர் மட்டும் வரலாம் என்று கடிதத்தில் இருந்தது. அந்த ஒருவர் யார் என்று வீட்டில் பேச்சே எழவில்லை. மாமா என் அம்மாவின் தம்பி. ஆரணியில் நெய்த பட்டுப்புடவைகளை வாரம் ஒரு முறை சென்னைக் கடைகளுக்குக் கொண்டுபோகிறவர். எங்கள் தெருவில் அதற்கு மேல் ஒரு படிப்பு இருப்பதாக யாரும் நினைக்கவில்லை.

எங்களுக்கு வேண்டியது வேலூர் அரசுக் கல்லூரி. புடவைக்கு வேறு நிறத்தில் கரை வைத்து நெய்ய ஒரு தறிக்கு இரண்டு ஆள் வேண்டும். அப்பா நடுவில் நெய்ய, நான் ஓரத்தில் உட்கார்ந்து நாடாவை, அதாவது கரை நூல் சுற்றிய கட்டையை, ஊடே தள்ளுவேன். வேலூர் என்றால் கண்ணமங்கலம் வழியாகக் காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் தறிக்குத் திரும்பிவிடலாம். தூரத்து ஊரென்றால் விடுதிக்கும் பணம், என் இடத்துக்குக் கூலி ஆளும் வேண்டும். இரண்டுக்கும் வழியில்லை. வேலூர் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அப்பா சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. முதலாளி பட்டு நூலைக் கொடுத்து, இந்தக் கூலிக்கு நெய்கிறாயா என்று கேட்பார். முதல் தடவை கேட்கும்போது நெசவாளி சுவரைப் பார்க்க வேண்டும். இரண்டாவது தடவை கேட்டால், முதலாளி இறங்குகிறார் என்று பொருள். அப்போது "பாக்கலாங்க" என்று இழுக்க வேண்டும். மூன்றாவது தடவை பத்தோ இருபதோ ஏற்றிக் கேட்பார். அப்போதுதான் "சரிங்க." அப்பா இப்படிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். பெரிய மனிதர் போல இருப்பார்.

பஸ்ஸில் வரும்போது மாமா எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தார்.

"டேய், மூஞ்சில ஆசையக் காட்டாத. நம்ம அவசரம் தெரிஞ்சுதுன்னா பேஜாரு."

"அவங்க இன்னா கூலியா பேசப் போறாங்க, மாமா?"

"எவனா இருந்தா இன்னா? குடுக்கிறவன் குடுக்கிறவன்தான், வாங்கறவன் வாங்கறவன்தான். நீ வாயத் தொறக்காத."

கூடத்தில் பெரிய திரை. எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மீதம் என்று எண்கள் குறைந்துகொண்டே வந்தன. எங்களைக் கூப்பிட்ட மேசையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்.

"வேலூர்ல எலெக்ட்ரானிக்ஸ் ஒரு சீட் இருக்கு தம்பி. போட்டுடட்டுமா?"

மாமா ஏசியைப் பார்த்தார். "வேற இன்னா இருக்குதுங்க?"

அவர் நாலைந்து ஊர்களைச் சொன்னார். எல்லாம் தெற்கே. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சார், வேலூர் அந்த ஒண்ணுதான் பாக்கி. மத்த டேபிள்லயும் ஆளுங்க உக்காந்திருக்காங்க. போட்டுடட்டுமா?"

மேசைக்கு அடியில் மாமாவின் செருப்பு என் காலை அழுத்தியது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"பாக்கலாம்மா" என்றார் மாமா.

அந்த அம்மாள் மாமாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

திரும்பியபோது திரையில் வேலூருக்கு நேரே இருந்த ஒன்று பூஜ்யமாகியிருந்தது. பக்கத்து மேசையில் ஒரு பெண் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சீட் கிடைக்காமல் அழுகிறாள் என்று நான் பரிதாபப்பட்டேன்.

"சரிங்கம்மா, போட்டுக்குங்க" என்றார் மாமா.

"போயிடுச்சு சார்."

"இப்பதான ரெண்டு வாட்டி கேட்டீங்க?"

"கேட்டேன் சார்."

"இன்னொரு வாட்டி கேக்கலியே?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். திருநெல்வேலி வேண்டுமா என்றார். அதை ஒரே தடவைதான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா தறியை நிறுத்தினார்.

"எத்தினி வாட்டி கேட்டாங்க?"

"ரெண்டு வாட்டிப்பா."

"ரெண்டாவது வாட்டிக்கே எவன் சரிம்பான்? அவங்க மொறையா கேக்கல." பிறகு என்னைப் பார்த்து, "உக்காரு" என்றார். நான் ஓரத்தில் உட்கார்ந்து நாடாவை எடுத்தேன். அந்தப் பொம்பளைக்கு அப்படி என்ன அவசரமோ என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மாமாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகஸ்டில் வீட்டை அடமானம் வைத்து, வேலூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பணம் கொடுத்துச் சேர்த்தார்கள். அங்கேயும் மாமாதான் வந்தார். அங்கே முறையாக மூன்று தடவை கேட்டார்கள். மாமா ஐயாயிரம் குறைத்தார். தெருவில் அது பெரிய பேச்சானது. மறு வருஷம் இரண்டு வீட்டுப் பிள்ளைகளை மாமாதான் கவுன்சிலிங்குக்கு அழைத்துப்போனார்.

நான் போன பஸ் நான்கு வருஷமும் அந்த அரசுக் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் போயிற்று. அந்த அம்மாள் முறை தெரியாதவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போய், ஒரு கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே யாரும் யாரையும் இரண்டாவது முறை கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் தெரியாமல் இருந்தது. அடமானத்துக்குப் பிறகு அப்பா முதலாளி கடையில் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டார். முதல் தடவை கேட்டதுமே "சரிங்க" என்று நூலை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார். வயதாகிவிட்டது, உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லை என்று நினைத்தேன். முதலாளியோடு நன்றாக ஒத்துப்போகிறாரே என்று சந்தோஷம்கூடப் பட்டேன். அப்படிப் புடவைக்குப் புடவை விட்டுக்கொடுத்த கூலியைக் கணக்கில் சேர்க்க என்னிடம் வழியில்லை. அதை விட்டுவிட்டு, அடமானத்துக்கு அசலும் வட்டியுமாகக் கட்டியது இரண்டு லட்சத்துப் பதிமூவாயிரத்து நானூறு ரூபாய்.