நாலாவது குழி

காய்ந்த மல்லாட்டைத் தோல் கட்டைவிரலுக்கடியில் உடைகிற சத்தமும், பலா மரப் பலகையின் குழியில் புளியங்கொட்டை விழுகிற சத்தமும் என் காதுக்கு இன்றைக்கும் ஒன்றுசேர்ந்துதான் கேட்கும். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சு. எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. பெற்றது நாலு, செத்துப்போன தங்கச்சியின் பிள்ளையோடு சேர்த்து வளர்த்தது ஐந்து, ஐந்தையும் குறையில்லாமல் ஆளாக்கினேன், ஐந்து பேரும் இன்று ஐந்து ஊரில் இருக்கிறார்கள், செஞ்சியில் இந்த வீட்டில் நானும் ஃபேனும்தான் பேசிக்கொள்கிறோம். மூன்றாவது வரை படித்தவள் எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கலாம், சொல்வதில் கோணல் இருக்காது.

போன மாதம் பேத்தி அமுதா சென்னையிலிருந்து லீவுக்கு வந்தாள். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஒரு குட்டி ஆள் பள்ளம் தாண்டி ஓடுகிற ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவள் அழுது அடம்பிடித்ததற்கு அவள் அப்பன், என் பெரிய மகன், டிவியில் மாட்டி ஆடுகிற பெட்டி ஒன்று வாங்கித் தந்தான். அதில் இருந்த அதே ஆட்டம். பெட்டி எங்கேடி என்று கேட்டேன்.

"பெட்டி வேணாம் ஆயா. அந்தப் பெட்டி பண்றதையெல்லாம் கம்ப்யூட்டரே பண்ற மாதிரி யாரோ எழுதி வெச்சிருக்காங்க. எமுலேட்டர்னு பேரு. ஆட்டமும் ஓசியிலயே கெடைக்குது."

"பெட்டி செஞ்சவன் இன்னா சொல்றான்?"

"கேஸ் போடுறான்" என்று சிரித்தாள். பெட்டியைப் பெரிய லாபம் இல்லாமல், சில நேரம் நஷ்டத்துக்குக்கூட விற்பார்களாம்; அதில் போட்டு ஆடுகிற ஆட்டங்களை விற்றுத்தான் பிழைப்பார்களாம்; பழைய ஆட்டங்களையே புதுப் பெட்டிக்குத் திரும்ப விற்க வரும்போது, ஓசியில் ஆடுகிறவர்கள் எங்கே வாங்கப்போகிறார்கள் என்று கோபமாம். "ஆனா ஓசியில ஆடி ருசி கண்டவங்கதான் ஆயா நாளைக்குப் புதுப் பெட்டி வாங்குவாங்க. அவ்ளோ பெரிய கம்பெனிக்கு இதுல இன்னா கொறஞ்சிடப் போவுது?" என்றாள்.

அவள் அப்படிக் கேட்டதும் எனக்குக் குப்பம்மாக்கா ஞாபகம் வந்துவிட்டது.

குப்பம்மாக்கா எங்கள் தெருக் கடைசி வீட்டில் தனியாக இருந்தவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. மல்லாட்டை பிடுங்கி முடிந்ததும் செக்குக்காரர் அவள் வீட்டில் மூட்டை மூட்டையாக இறக்குவார், உரித்துக் கொடுத்தால் கூலி, அந்தக் கூலிதான் அவளுக்குச் சோறு. அவளிடம் ஒரு பல்லாங்குழிப் பலகை இருந்தது. பலா மரம், ஏழும் ஏழும் பதினாலு குழி, மடித்து மூடினால் மீன் மாதிரி இருக்கும். தெருவில் வேறு யாருக்கும் அது கிடையாது. தரையில் குழி பறித்தால் மண் சரிந்து கொட்டை புதைந்துபோகும், "வாசலைக் குண்டும் குழியுமா ஆக்குறியா" என்று அம்மா முதுகில் வைப்பாள். அதனால் பெண்பிள்ளைகள் எல்லாரும் அக்கா வீட்டுக்குத்தான் போவோம். பலகைக்கு அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். ஓர் ஆட்டத்துக்கு ஒரு படி உரித்துப் போடவேண்டும், அவ்வளவுதான். "பேச்சு வாயில இருக்கட்டும், வேலை கையில இருக்கட்டும்" என்பாள். அமுதா சொன்ன கம்பெனிக்காரன் யோசனை அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. உரித்து உரித்து விரல் நுனி எரியும், ஆட்டமோ போதவே போதாது. ஒரு நாள் மலையடிவாரத்துப் புற்றிலிருந்து மண் எடுத்து வந்தேன். அது சாமி மண், எடுத்தால் கண் போய்விடும் என்று நைனா சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில் புற்றுக்கு மஞ்சள் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். அதில் மல்லாட்டைத் தோலை இடித்துப் போட்டுப் பிசைந்து, அக்காவின் பலகையை மனசில் நிறுத்தி, கைமுட்டியால் அமுக்கி அமுக்கிப் பதினாலு குழி வைத்து, நாலு நாள் வெயிலில் காயவைத்து, கூழாங்கல்லால் தேய்த்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. மரப் பலகை அதற்குத் தோற்றது என்று இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன்.

"இதுக்கு மல்லாட்டை உரிக்க வேணாமா?" என்று கேட்டாள் எதிர்வீட்டுச் சரசு.

"உன் கைக்கு ஓய்வு குடுடி மகாராணி" என்றேன்.

மறுவாரம் சரசு ஒன்று செய்தாள், அவளைப் பார்த்து அவள் சித்தி மகள் செய்தாள், மாசி முடிவதற்குள் வீட்டுக்கு வீடு மண் பலகை. குப்பம்மாக்கா வீட்டில் பலகை மூடியே கிடந்தது. ஒருத்தியாக உரித்துப் பார்த்தாள், சொன்ன நாளுக்குள் முடியவில்லை, செக்குக்காரர் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அப்புறம் ஒரு மத்தியானம் அவளே எங்கள் வாசலுக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று எழுந்து நின்றேன். "உக்காருடி, ஆடலாம்" என்று எதிரில் உட்கார்ந்து, என் மண் பலகையிலேயே ஆடி, என் கொட்டையெல்லாம் வாரிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு குழியாக விரல் விட்டுப் பார்த்தாள். "நாலாவது குழி ஆழம் பத்தல, பாத்தியா. கொட்டை சேர்ந்தா வழியும். கொஞ்சம் தோண்டிக்க" என்றாள். எழுந்து போனாள். மறுநாள் வல்லத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனவள், அண்ணிக்காரி போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு அங்கேயே இருந்துவிட்டாள்.

அமுதா சொன்னதும் பொய்யில்லை. மண் பலகையில் ருசி கண்ட நான்தான் கல்யாணத்தின்போது அடம்பிடித்து மரப் பலகை கேட்டேன். மேல்சித்தாமூர் ஆசாரி செய்து கொடுத்தார், என்னால் அவருக்கு ஒரு வேலை. ஆனால் அது குப்பம்மாக்காவுக்கு ஒரு மல்லாட்டை உரித்துத் தந்ததா? கம்பெனிக்காரனுக்கு வக்கீல் இருக்கிறான், அவனுக்காக நான் அழவில்லை. புற்றிடம் கேட்ட மன்னிப்பை அவளிடம் நான் கேட்கவில்லை.

இப்போது மல்லாட்டை உரிக்க மெஷின் இருக்கிறது. அக்கா வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை. மண் பலகைகள் அந்த ஐப்பசி மழையிலேயே கரைந்துபோயின. ஆசாரி செய்த பலகை இருக்கிறது, எதிரில் உட்கார ஆள் இல்லை. இரண்டு பக்கமும் நானே ஆடுகிறேன், எதிர்ப்பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கவனமாக.

அமுதா, அடுத்த முறை வரும்போது கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டு, இதைச் சத்தமாகப் படித்துக்காட்டு. என்ன குறைந்துவிடப் போகிறது என்று நீ கேட்டதற்குப் பதில் இதில் இருக்கிறதா சொல்லு. ஆழம் பத்தாத இடம் எங்காவது இருந்தால் அதையும் சொல்லு, தோண்டிக்கொள்கிறேன்.