மாமா மாற்றிய கிளட்ச் குழாய்

காரை விற்றுவிடுவதென்று அப்பா முடிவு செய்தபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் எங்கள் தெருவிலேயே கார் இருந்த வீடு எங்களுடையதுதான். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. பைக்கிலிருந்து விழுந்து இடது முழங்காலில் அடிபட்டதிலிருந்து அப்பா காரைத் தொடவில்லை. கால் முழுசாக நீளாது. ஆனால் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது. “வண்டில இழுவையே இல்ல, வயசாயிடுச்சு” என்று காரின் மேலேயே பழியைப் போடுவார். வளவனூரிலிருந்து ஒருவர் மறுநாள் வந்து பார்ப்பதாக இருந்தது.

அன்று காலை அம்மாவின் தம்பி வந்து இறங்கினார். திண்டிவனத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த மாமா, வாயாலேயே வண்டி ஓட்டக்கூடியவர். கையில் பளபளத்த, கம்பி பின்னிய ஒரு குழாயை அப்பாவிடம் நீட்டினார்.

“மாமா, கிளட்சுக்கு ஆயில் போற ரப்பர் ஓஸு உப்பிப் போச்சுங்க. இத மாட்டினா வண்டி பறக்கும்.”

அப்பா சிரித்துவிட்டார். “கிளட்ச் பைப்ப மாத்தினா எங்கனா ஸ்பீடு ஏறுமா? யாருக்குக் காது குத்தற?”

மாமா காருக்கு அடியில் படுத்துக் குழாயை மாற்றினார். அதிலுள்ள காற்றை வெளியேற்ற யாராவது கிளட்ச் பெடலை மிதிக்க வேண்டுமாம். கார் ஓட்டவே தெரியாத அம்மா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். “மிதிக்கா... அப்பிடியே புடிச்சிக்கினு இரு... இப்ப உடு” என்று கீழிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. எல்லாம் முடிந்த பிறகும் அம்மா இறங்கவில்லை. இடது காலை மடக்கியபடியே வைத்துக்கொண்டு பாதி மட்டும் மிதித்து, “இவ்ளோ போதுமாடா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“போதும்க்கா. முன்ன மாதிரி அடி வரைக்கும் போவ வேணாம்.”

ஒழுங்காக மிதிக்கக்கூடத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். மாமா சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, “திண்டிவனம் வரைக்கும் வாங்க, காட்டறேன்” என்றார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நீ ஓட்டினா கத உடுவ. குடு, நானே பாத்துச் சொல்றேன்” என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அம்மா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

கார் பறக்கவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியும் எப்போதும் போலத்தான் போனது. அரசாங்க பஸ்கூட எங்களை முந்தியது. நாளைக்குக் கார் வளவனூர் போய்விடும் என்று எனக்கு அழுகையே வந்தது. மாமா பின்சீட்டில் என் பக்கத்திலிருந்து முன்னால் எட்டி, மடங்கியபடியே கிளட்சை மிதிக்கும் அப்பாவின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திண்டிவனத்தில் டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு அப்பா வெற்றியோடு திரும்பினார். “பாத்தியா மச்சான், கொஞ்சங்கூட ஏறல.”

“ஆமாங்க மாமா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.” மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்பா கீழே இறங்கி, வளவனூர்க்காரருக்குப் போன் போட்டு, “வர வேணாங்க, வண்டிய நானே வெச்சிக்கறேன்” என்றார்.

ஸ்பீடே ஏறாத காரை எதற்கு வைத்துக்கொள்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவிடம் தோற்றுப்போன தம்பிக்கு அம்மா எதற்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பங்கு வடையையும் எடுத்துக் கொடுத்தாள் என்பதும் விளங்கவில்லை.