தலைமையாசிரியரின் முதல் வாய்

கழுத்து டையின் நுனியைச் சட்டைப் பைக்குள் செருகிவிட்டு, கைகூப்பி வணங்கி, குடைமிளகாயைத்தான் முதலில் எடுப்பார் ஹமதானி தலைமையாசிரியர். பிடிக்காததை முதலில் ஒழித்துக்கட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. கண்ணை இறுக மூடிக்கொண்டு மென்று, ஒரு மடக்குப் பாலைக் குடித்து உள்ளே தள்ளுவார். தலை நரைத்த மனிதர், விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளை மாதிரி முகம் சுளிப்பார். பக்கத்து அறையில் எழுத்தர் வேலை எனக்கு. கண்ணாடிக் கதவு வழியாக இந்தக் காட்சி தினமும் இலவசம்.

ஜப்பானில், பள்ளிக்கூடச் சமையலறையில் எது வெந்தாலும், பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் முன்னால் தலைமையாசிரியர் அதைச் சாப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். சாப்பாட்டில் ஏதாவது கெடுதல் இருந்தால் அது அவரோடு போகட்டும் என்பது ஏற்பாடு. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் கோப்புகளில் முத்திரை குத்திக்கொண்டே ஏனோதானோ என்று விழுங்கினார்கள். இவர் அப்படியில்லை. கதவைச் சாத்தி, தொலைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டு, பரீட்சை எழுதுகிறவர் போல உட்கார்ந்து சாப்பிடுவார். நேரம் ஆனதும் காலித் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தானே சமையலறைக்கு நடப்பார்.

"அரை மணி ஆச்சு. இன்னும் உயிரோடதான் இருக்கேன். பிள்ளைங்களுக்குப் போடுங்க!"

"இருப்பீங்க, இருப்பீங்க. எங்க, தட்டைக் காட்டுங்க. குடைமிளகாயைக் கிண்ணத்துக்கடியில ஒளிச்சு வச்சிருந்தீங்கன்னா வராந்தாவுல நிக்க வச்சிடுவேன்" என்பார் தலைமைச் சமையற்காரர் கிமியே அக்கா.

மற்றபடி தலைமையாசிரியரிடம் பெரிய திறமை ஒன்றும் கிடையாது என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. முன்வரிசைப் பிள்ளைகள் தள்ளாட ஆரம்பித்ததும், பாதி வாக்கியத்தில் "சரி, போங்க" என்று இறங்கிவிடுவார். அதனால் அவர் பேச்சுக்கு முடிவு என்று ஒன்று இருந்ததே இல்லை. கல்வி அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் என் அறைக்குள் வந்து ஒளிந்துகொள்வார்.

ஒரு குளிர்காலத்தில் கடுமையான காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தார். அதன்பிறகு குடைமிளகாயை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். "சார் ஒருவழியா வளர்ந்துட்டாரு" என்று நாங்கள் சிரித்தோம். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பனி உருகிக்கொண்டிருந்த ஒரு நாள், கிமியே அக்கா சூப்பில் மிசோ என்ற உப்புச் சோயா விழுதைக் கரைத்துவிட்டுப் பால் பெட்டிகளை இறக்கி வைக்கப் போனார். இன்னும் கரைக்கவில்லை என்று நினைத்து, உதவிக்கு இருந்த சாதா என்பவரும் அதே அளவைக் கரைத்துவிட்டார். அந்த சூப்பைக் குடித்துவிட்டுத் தலைமையாசிரியர் வழக்கம்போலத் தட்டோடு வந்தார். "அருமை! பிள்ளைங்களுக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கிமியே அக்கா கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். அடுத்த நொடி தொட்டியில் துப்பினார். கடல் தண்ணீர் தோற்றது.

சூப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, கரண்டியும் கையுமாகத் தலைமையாசிரியர் அறைக்குள் போனார். கதவைச் சாத்தக்கூட மறந்துவிட்டார்.

"சார், இது அருமையா?"

தலைமையாசிரியர் எழுந்து நின்றார்.

"காய்ச்சலோட நாக்கு செத்துப்போச்சு அக்கா. உப்பும் தெரியல, இனிப்பும் தெரியல. வாசனையும் இல்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா தட்டைத் துணைத் தலைமையாசிரியர்கிட்டக் கொடுத்துடுவீங்களே. முத்திரையை யார் வேணும்னாலும் குத்தலாம். இந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குன்னு நான் செய்யிற வேலை இது ஒண்ணுதான்."

கிமியே அக்கா இளகவில்லை.

"இன்னிக்கு உப்பு. நாளைக்குக் கெட்டுப்போன மீனா இருந்தா? உங்க ஆசை பெருசா, அதுங்க வயிறு பெருசா?"

தலைமையாசிரியர் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். கிமியே அக்கா வெளியே போகும்வரை நிமிரவில்லை.

மறுநாள் முதல் தட்டு துணைத் தலைமையாசிரியருக்குப் போனது. நம் ஆள் தன் அறையில் சும்மா உட்கார்ந்து பென்சில் சீவினார். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு, கிமியே அக்கா என் அறைக்குள் தலையை நீட்டி, "அவரை வரச் சொல்லு" என்றார். சமையலறை மூலையில் ஒரு முக்காலி போட்டிருந்தது. அவர் வந்து அமர்ந்ததும், கிமியே அக்கா எதிரில் உட்கார்ந்து, தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு அவரிடம் சொன்னார்: "முள்ளங்கி நல்லா வெந்திருக்கு. லேசா இனிக்குது. கடைசியில இஞ்சி வருது, இப்ப, தொண்டைகிட்ட." அவர் கேட்டுக்கொண்டே குடித்தார். "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார். ஓய்வு பெறும்வரை அவர் சாப்பிட்டது இப்படித்தான். ருசி திரும்பி வரவே இல்லை.

போன மாதம் இறந்துபோனார். தகனத்தன்று காலை, வந்தவர்களுக்கு ஒரு வாய் சூடாகக் கொடுக்க வேண்டும் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டதால், கிமியே அக்காவும் சாதாவும் அந்த வீட்டிலேயே டோஃபுவும் முள்ளங்கியும் போட்டு சூப் வைத்தார்கள். முதல் கிண்ணம் அவருக்கு. கிமியே அக்கா அதை எடுத்துப்போய், அவர் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து, உதட்டில் வைத்து ஒரு வாய் குடித்தார்.

"என்னம்மா இது! அவருக்குப் படைக்கிறதை எச்சில் பண்றீங்களே!" என்று பதறினார் தலைமையாசிரியரின் தம்பி.

கிமியே அக்கா திரும்பவில்லை. "சார், உப்பு சரியா இருக்கு. இஞ்சிதான் கொஞ்சம் தூக்கல். குடைமிளகாய் போடல, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். மனைவி சிரித்துவிட்டார். சிரித்தபடியே அழுதார்.

வந்தவர்களுக்கு ஊற்றலாம் என்று சாதா கரண்டியை எடுத்தார். "அரை மணி ஆகட்டும்" என்று கிமியே அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பானையின் மூடியைத் திரும்பப் போட்டார். பிறகு சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.