பரவைக்குப் போய்வந்த அண்ணன்

செய்தி நம் டிரைவர் சங்க வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு வெளியே வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்த சவாரிக்காகக் காத்திருந்தேன். "நம்ம பாண்டி அண்ணே தவறிட்டாரு. காலைல நெஞ்சுவலி. ஆஸ்பத்திரில வச்சு உசுரு போயிருச்சு" என்று ஜமால் பாய் பேசி அனுப்பியிருந்தார். அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். முந்தின நாள் மதியம் என் வண்டிக் கண்ணாடியைத் தட்டி, "என்னம்மா, சவாரி இல்லாமத் தூங்குறியா, இல்ல தூங்குறதுனால சவாரி வரலையா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போன மனிதர். அவர் எப்படிச் சாவார்? பாய் கண் கெட்டுப்போய் வேறு யாரையோ பார்த்துவிட்டார் என்றுதான் முதலில் கோபம் வந்தது.

பாய் சும்மா சொல்லவில்லை. ஒரு சவாரியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடப் போன இடத்தில் அண்ணனின் வெள்ளைக் காரைப் பார்த்து, இந்த வண்டிக்காரர் எங்கே என்று வாசல் காவலாளியிடம் விசாரித்திருக்கிறார். அதற்குள் வீட்டார் உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எந்த வீட்டுக்கு? அங்கேதான் எங்களுக்கு முழி பிதுங்கியது. இத்தனை காலம் ஒன்றாக டீ குடித்திருக்கிறோம், அவர் வீடு எங்கே என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தது எல்லாம் மதுரையை ஒட்டிய பரவை என்ற ஊர்ப்பெயர்தான். ஓட்டிக்கொண்டே இருப்பார், திடீரென்று டாக்சி ஆப்பை அணைத்துவிட்டு, "பரவைக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஓட்டுவார். "அண்ணனுக்குப் பரவையில ஒரு சின்ன வீடு இருக்குடோய்" என்று அவரை எவ்வளவு ஓட்டியிருக்கிறோம்! அவரும் மீசையைத் தடவிக்கொண்டு சிரிப்பாரே தவிர இல்லை என்று சொன்னதில்லை.

ஆகவே மாலையை வாங்கிக்கொண்டு பரவைக்குப் போனோம். என் வண்டியில் பாயும் இன்னும் இரண்டு பேரும். காய்கறி மார்க்கெட் வாசலில், அண்ணன் தன் சொந்த ஊர் என்று சொல்லியிருந்ததையும் சேர்த்து, "டிரைவரு பாண்டி, டி. கல்லுப்பட்டிக்காரரு" என்று கேட்டதும் ஒரு கடைக்காரம்மா கையை நீட்டி வழி சொன்னார். போனால், வாசலில் பந்தல் இல்லை, சேர் இல்லை, ஆள் இல்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. உடல் இன்னும் வந்து சேரவில்லை போலும் என்று நாங்களாகவே முடிவுகட்டி நின்றோம். கைலியோடு ஒருவர் வெளியே வந்தார்.

"பாண்டி வீடு இதானே?" என்றார் பாய்.

"ஆமா."

"எப்ப எடுக்குறாக?"

"எதை எடுக்குறாக?"

பாய் மாலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பாண்டியைத்தான்" என்றார்.

"நாந்தேன்யா பாண்டி!"

அவருடைய தாயார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். மகன் முன்னால் ரோஜா மாலையோடு நாலு பேர் நிற்பதைக் கண்டதும் போட்ட கூச்சலில் அந்தத் தெருவே கூடிவிட்டது. அழ வந்த நாங்கள் அடி வாங்காமல் தப்பியது பெரிய விஷயம். ஒருவழியாக என் போனில் இருந்த அண்ணனின் படத்தைக் காட்டி, இவர்தான் இறந்துபோனார் என்று சொன்னேன். அந்த மனிதர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "முந்தாநாள்தானே வந்துட்டுப் போனாப்ல. மூஞ்சியக் காட்டி அனுப்பிச்சேனே" என்றார்.

ஆப்பில் ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யார் பெயரில் கணக்கு இருக்கிறதோ அவர் முகத்தை ஆப் அவ்வப்போது கேட்கும். படம் எடுத்து அனுப்பினால்தான் அடுத்த சவாரி. கணக்கு பாண்டியுடையது, ஓட்டியது நம் அண்ணன். முகம் கேட்கும்போதெல்லாம் மதுரையிலிருந்து பரவைக்கு ஓடி, மார்க்கெட்டில் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கும் பாண்டியைக் கூப்பிட்டு, அந்த முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார். அடப்பாவி மனுசா! சின்ன வீடாவது வைத்திருந்தால் நாங்கள் இவ்வளவு குழம்பியிருக்க மாட்டோம்.

இப்போது நினைத்தால் எல்லாம் தெரிகிறது. ஒரு நாள் அவர் வண்டியில் ஏற வந்த அம்மா ஒருவர் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போட்டோல வேற மாதிரி இருக்கீங்களே" என்றார். அண்ணன் சட்டென்று, "கொரோனா வந்து போனதுல மூஞ்சியே மாறிப் போச்சுங்கம்மா" என்றார். அந்த அம்மா உச்சுக் கொட்டிக்கொண்டு ஏறினார். பக்கத்தில் நின்ற நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பாண்டி எங்களோடு காரில் ஏறினார். அண்ணன் வீட்டுக்கு வழி அவருக்குத்தான் தெரியும். வாங்கிய மாலையை என்ன செய்வது என்று பாய் தயங்கினார். "அவனுக்குன்னு வாங்குனதுதானே, கொண்டாங்க" என்று பாண்டியே அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். செத்துப் போனதாக நான் அழ வந்த பெயர், மாலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

உங்களில் பலருக்கு நாங்கள் அண்ணன் தங்கச்சி ஆன கதை தெரியும். நான் ஸ்டேரிங் பிடித்த புதிது. பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆப் சவாரி ஏற்றப் போனேன். அங்கே டாக்சி போட்டிருந்தவர்கள் வளைத்துக்கொண்டார்கள். காலங்காலமாக ஸ்டாண்டில் நின்று பிழைக்கிறவர்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் சாவியைப் பிடுங்கினால் நான் என்ன செய்வேன்? அப்போதுதான் முன்பின் தெரியாத ஒருவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஏப்பா, இது என் தங்கச்சிப்பா. எங்க அத்தையக் கூட்டிட்டுப் போக வந்துருக்கு. குடும்பத்து வண்டிக்குமா சண்டை?" என்றார். சாவி திரும்பி வந்தது. சவாரிக்காக நின்ற பாட்டியம்மா கெட்டிக்காரி, "ஆமாய்யா, எம் மருமகன்தான்" என்று சொல்லி ஏறிக்கொண்டார். மறுநாள் டீக்கடையில் பார்த்து, "நேத்து சும்மா சொன்னீகளே, அது" என்று ஆரம்பித்தேன். "சொன்னது சொன்னதுதான். இனிமே மாத்த முடியாது" என்றார்.

எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. எங்கள் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய குறை என்று புகுந்த வீட்டில் பேச்சு வாங்கியவளுக்குத்தான் தெரியும். மகள் தர்ஷினிக்குக் காது குத்தவேண்டும், மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன் இல்லை. அண்ணனிடம்தான் கேட்டேன். துடைத்த வண்டிக் கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துவிட்டு, "செய்யிறேம்மா" என்றார். பத்திரிகையில் 'தாய்மாமன் பாண்டி' என்று அச்சடித்தோம். தட்டில் பட்டுப்பாவாடை, வளையல், பழம் என்று ஒரு குறையும் இல்லாமல் வந்தார். என் பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்துதான் வீறிட்டு அழுதது. மதினியை ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டதற்கு, உடம்பு சரியில்லை என்றார்.

பரவையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் இதைத்தான் நினைத்தேன். பெயர் பொய், ஊர் பொய். அப்படியானால் எனக்கு அண்ணன் இருந்தாரா, இல்லையா? அழுவதா, அவரைக் கூப்பிட்டு வைத்து நாலு கேள்வி கேட்பதா என்றே தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை.

நாயக்கர் மகாலுக்குப் பின்னால் ஒரு குறுகலான தெருவில் இறங்கினோம். அழுகை கேட்டது, சௌராஷ்டிரப் பாஷையில் அழுதார்கள். ஜமால் பாய் என் முகத்தைப் பார்த்தார். கல்லுப்பட்டிப் பாண்டி வீட்டில் இந்தப் பாஷை எப்படி? உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் அண்ணன்தான் படுத்திருந்தார், நெற்றியில் நாமத்தோடு. அந்த நெற்றியில் நாங்கள் விபூதியைத்தான் பார்த்திருக்கிறோம். பெரியவர் ஒருவர் அவர் பெயரைச் சொல்லி, நாங்கள் யார் என்று விசாரித்தார். பெயர் காதில் விழுந்தது, மனதில் ஒட்டவில்லை.

பாண்டிதான் விவரம் சொன்னார்: முதலில் அண்ணனுக்குச் சொந்தக் கணக்குதான் இருந்ததாம். வெளியூர்க்காரர் ஒருவர் ஏறியிருக்கிறார். வழியெல்லாம் அண்ணன் தன் வீட்டுக்காரம்மாவோடு சௌராஷ்டிரத்தில் போன் பேசிக்கொண்டு வந்திருக்கிறார். வண்டி ஓட்டும்போது போன் பேசியது தப்புதான், அது வேறு. ஆனால் அந்த ஆளுக்குப் புரியாத பாஷை. டிரைவர் யாருடனோ ரகசியமாகத் திட்டம் போடுகிறார், எனக்குப் பயமாக இருந்தது என்று புகார் எழுதிவிட்டார். கணக்கு மூடியது மூடியதுதான்; யாரிடம் போய்ச் சொல்ல? ஆப்புக்கு ஏது வாசல்? பாண்டிக்கு ஒரு காலத்தில் லோடு வண்டி ஓட்டிய லைசென்ஸ் இருந்தது. முதுகு போனதால் ஓட்டவில்லை. பழைய சிநேகிதம், பெயரைக் கொடுத்தார். இதைச் சொல்லிவிட்டு, "ஊருக்குள்ள எனக்கு இம்புட்டு நல்ல பேரு வாங்கிக் குடுத்துருக்கான் பாருங்க" என்று பாண்டி குலுங்கி அழுதார். போன் வந்தால் அண்ணன் ஏன் தெருக்கோடிவரை நடந்துபோய்ப் பேசினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பெண்கள் பக்கம் போய் நின்றேன். என்னவென்று சொல்லி அறிமுகம் செய்துகொள்வது? மதினி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "தர்ஷினி அம்மாதானே?" என்றார். "பாவாடை பிள்ளைக்குச் சரியா இருந்துச்சா? நாந்தான் பார்டர் பார்த்து எடுத்தேன். நானும் வரணும்னு இருந்தேன். நான் வாயத் தொறந்தா தெரிஞ்சிரும்னு அவர் வேணாம்னுட்டார்" என்று அந்த நேரத்திலும் கேட்டார். நான் தரையில் உட்கார்ந்து, "அண்ணே" என்று கத்தி அழுதேன். என்ன பெயர் சொல்லி அழ என்ற கேள்வியே அப்போது வரவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு மறுபடி வந்தது. என் மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப பிள்ளைய மடியில வச்சது யாருடி? பூசாரி பாண்டின்னு சொல்லித்தானே துன்னூறு போட்டாரு? சாமி யாருன்னு நெனச்சிருக்கும்?" என்றார். குதர்க்கமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். யார் மடி என்று சாமிக்குத் தெரியாதா என்று ஏதோ கத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பிறகு ஃபிளெக்ஸ் பிரச்சினை. நாம் நிற்கிற இடத்தில் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டவேண்டும், எந்தப் பெயரைப் போடுவது? "பாண்டின்னு போட்டாத்தான் ஆளுகளுக்குத் தெரியும்" என்றார் ஜமால் பாய். உயிரோடு இருக்கும் பாண்டி, "மாலையப் பார்த்ததுல இருந்தே எங்காத்தா சரியாச் சோறு திங்கலை. இதையும் பார்த்துச்சுன்னா அம்புட்டுத்தேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சொந்தப் பெயரைப் போட்டால் விஷயம் வெளியே தெரியும், நம்மில் பலருக்கு உதறல். அடுத்தவர் பெயரில் இன்னும் யார் யார் ஓட்டுகிறோம் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை, பயப்படாதீர்கள். ஆளாளுக்குக் கத்தினோம். கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். படத்துக்குக் கீழே 'அண்ணே' என்று மட்டும் போடுவோம். ஃபிளெக்ஸ் கடைக்காரர், "பேரு இல்லாமயாக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாய்யா என்றேன். பெரிய காரியம் செய்துவிட்டதாகத்தான் எனக்கு நினைப்பு.

காரியம் எல்லாம் முடிந்தபிறகு மதினி பார்க்க வந்தார். பாண்டி அழைத்து வந்திருந்தார். பஸ்களின் இரைச்சலுக்கு நடுவே ஃபிளெக்ஸ் முன்னால் வந்து நின்றார். நல்லா இருக்கும்மா என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பக்கத்திலேயே நின்றேன்.

"அவர் பேரைப் போட்டிருக்கலாம்ல?" என்றார்.

பாய் ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். மதினி கேட்டதாகத் தெரியவில்லை. "இங்கதான் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் கெடந்தார். ஒரு நாள்கூட ஒருத்தர்கூட அவரை அவர் பேரு சொல்லிக் கூப்பிட்டது இல்லை. செத்த பிறகாச்சும் இந்த ரோட்டுல அவர் பேரு இருக்கும்னு நெனச்சு வந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு முந்தானையால் படத்தின்மேல் இருந்த தூசியைத் துடைத்தார்.

பாய் ஒரு டீ வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தார்.

சங்கத்தில் அண்ணனைப் பற்றி எழுதச் சொன்னபோது எனக்கு எழுத வராது என்று மறுத்தவள், பிறகு இதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன். அண்ணன் சொன்ன வாசகங்கள் பலவும் உங்களுக்குத் தெரியும். "மேப்பு ரோட்டத்தான் காட்டும், குழியக் காட்டாது" என்பதையும், "சவாரி கத்துனா நீ கத்தாத, ஏசியக் கூட்டு" என்பதையும் நாம் நாளைக்கும் சொல்லிச் சிரிப்போம். அவையெல்லாம் எல்லோருக்கும் பொது. எனக்கென்று இருப்பது ஒரு உறவு. அது யாரோடு என்பதில் எனக்கு இன்னும் குழப்பம் தீரவில்லை. நினைக்கும்போது பாண்டி என்றுதான் வாயில் வருகிறது. உடனே பரவைக்காரர் முகம் குறுக்கே வந்து நிற்கிறது. தினமும் காலையில் வண்டி எடுப்பதற்குமுன் சரியான பெயரை ஒரு தடவை சொல்லிப் பழகுகிறேன். மகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நம் அண்ணன் பெயர் சாந்தாராம். நீங்களும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள்.